தன்னில் சோதித்தவர்: ஜான் சார்ன்லி

நுழையும்முன்

முதியவர் ஒருவர் மாடிப்படியின் முன் ஒருகணம் தயங்கி நின்று, கைப்பிடியைப் பற்றியபடி, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் ஊன்றி ஏறுவதைக் காணாத வீடு அரிது. மூட்டு தேய்ந்தவருக்குப் பத்துப் படிகளும் பெருமலையே. இன்று முழங்காலிலும் இடுப்பிலும் மாற்று மூட்டுப் பொருத்திக்கொண்டு பலர் வலியின்றி நடக்கின்றனர். உலோகமும் நெகிழியும் உடலுக்குள் பல்லாண்டு உழைக்க முடியும் என்பது ஒரே நாளில் கிடைத்த அறிவன்று. அதனைக் கண்டறிய முயன்ற மருத்துவர் ஒருவர் பெரும் பிழையொன்றைச் செய்தார். அதை மறைக்காமல் வெளியிட்டார். தம் உடலையே ஆய்வுக்களம் ஆக்கினார். அவரது வாழ்க்கையே இப்பாடம்.

மருந்துக்கடை வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லங்காசயர் பருத்தி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற பகுதி. அங்குள்ள பரி என்னும் நகரில் 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் ஜான் சார்ன்லி பிறந்தார். தந்தை மருந்துக்கடை நடத்தியவர். தாய் செவிலியர் பயிற்சி பெற்றவர். மருந்தின் மணமும் நோயாளிகளின் பேச்சும் அவ்வீட்டிற்குப் புதியவையல்ல. பரி நகரப் பள்ளியில் பயின்ற சார்ன்லி, 1929இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1935இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, இருபத்தைந்து வயதில், அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினர் தகுதியை அடைந்தார். அவ்வயதுக்கு முன் அத்தகுதியைப் பெற விதியில் இடமில்லை.

1940இல் சார்ன்லி இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். டன்கர்க் கடற்கரையிலிருந்து படைவீரர்களை மீட்ட பணியில் பங்கேற்றபின் எகிப்துக்கு அனுப்பப்பட்டார். கெய்ரோவில் பணிபுரிந்த காலம் அவர் வாழ்வில் முக்கியமானது. அங்கே முறிந்த கால்களுக்கு வேண்டிய தாங்கிகளையும் கருவிகளையும் செய்ய, படையின் பொறியியல் பட்டறை அவர் வேலைக்குக் கிடைத்தது. இரும்பை வளைப்போருடனும் கடைசல் இயந்திரத்தை இயக்குவோருடனும் அமர்ந்து பேசி, வரைந்து, திருத்தி, மீண்டும் செய்யவைக்கும் பழக்கம் அங்கேதான் வேரூன்றியது. பிற்காலத்தில் தம் வீட்டிலேயே ஒரு கடைசல் இயந்திரத்தை வைத்துக்கொண்டார். அறுவை மருத்துவர்கள் கருவிகளை வாங்குவதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், தமக்கு வேண்டியதைத் தாமே கடைந்து பார்த்த மருத்துவராக அவர் விளங்கினார்.

வெட்டாமல் சீராக்குதல்

போர் முடிந்து திரும்பிய சார்ன்லி ஆஸ்வெஸ்ட்ரியில் உள்ள எலும்பு மருத்துவமனையில் சிறிது காலம் பணியாற்றினார். ஓரிடத்து எலும்புத்துண்டை வேறோரிடத்தில் பதித்தால் அது உயிரோடு ஒட்டுமா, எவ்வாறு ஒட்டும் என்னும் கேள்வி அப்போது அவரைப் பற்றிக்கொண்டது. விடை காண, இளைய மருத்துவர் ஒருவரை இணங்கவைத்துத் தம் முன்கால் எலும்பிலிருந்தே ஒரு சிறு துண்டை எடுத்துப் பதிக்கச் செய்தார். புண்ணில் கிருமி பற்றிக்கொண்டது. எலும்பில் சீழ்வைத்து மீண்டும் அறுவை செய்யவேண்டியதாயிற்று. இச்செயலைத் துணிவு என்று பாராட்டுவோர் உண்டு. பொறுப்பற்றது என்று கடிந்தோரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. எலும்பில் கிருமி புகுந்தால் எத்துணைத் துன்பம் என்பதை மட்டும் அவர் புத்தகத்தின் வழியாக அறியவில்லை.

1947இல் மான்செஸ்டர் அரச மருத்துவமனையில் முதுநிலை மருத்துவரானார். 1950இல் எலும்பு முறிவுகளைத் தோலைத் திறக்காமலே சீராக்கும் முறைகளைப் பற்றி நூலொன்று எழுதினார். கத்தியை எடுக்குமுன் கையாலும் மாவுக்கட்டாலும் எவ்வளவு செய்ய இயலும் என்பதை இயந்திரவியல் கண்ணோடு விளக்கிய நூல் அது. உலகெங்கும் எலும்பு மருத்துவம் பயில்வோர் அதனைப் படித்தனர். உடலை இயன்றவரை குறைவாகத் திறக்கவேண்டும் என்று எழுதிய அதே மருத்துவர்தான் பின்னர் மூட்டையே அகற்றி மாற்றும் பேரறுவைக்கு வழி திறந்தார் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அவர் அறுவையை விரும்பி அதன்பால் சென்றவரல்லர். வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் சென்றவர்.

அக்காலத்தில் முழங்கால் மூட்டு அழிந்து வலியால் துடித்தவருக்கு இருந்த தீர்வுகளுள் ஒன்று, மூட்டையே இல்லாமல் செய்வது. தேய்ந்த பரப்புகளை மட்டமாக அறுத்து, தொடை எலும்பையும் முன்கால் எலும்பையும் ஒன்றோடொன்று ஒட்டவைப்பார்கள். எலும்புகள் ஒன்றாகிவிட்டால் அசைவு இல்லை. அசைவு இல்லையெனில் வலியும் இல்லை. ஆனால் எலும்பு ஒட்டுவதற்கு மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடக்கவேண்டும். சார்ன்லி எலும்புகளின் குறுக்கே எஃகுக் கம்பிகளைச் செலுத்தி, வெளிப்புறத்தில் திருகுகள் கொண்ட இறுக்கியால் இரு முனைகளையும் அழுத்திப் பிடிக்கும் முறையை வகுத்தார். அழுத்தத்தில் வைத்த எலும்பு முழங்காலில் ஏறத்தாழ நான்கே வாரங்களில் ஒட்டத் தொடங்கியது. இம்முறையைப் பற்றிய அவரது நூல் 1953இல் வெளிவந்தது.

வலி நீங்கியது, ஆனால் கால் மரக்கட்டைபோல் ஆயிற்று. நீட்டிய காலோடு பேருந்தில் அமர்வதும், தரையிலிருந்து எழுவதும், ஒருவர் தம் காலணியைத் தாமே அணிவதும் எளிதல்ல. இடுப்பு மூட்டில் இந்நிலை இன்னும் கடினம். வலியும் நீங்கவேண்டும், அசைவும் எஞ்சவேண்டும் என்றால் என்ன செய்வது?

கிறீச்சிட்ட மூட்டு

பிரான்சு நாட்டு ஜூடே உடன்பிறப்பினர், தேய்ந்த தொடை எலும்பின் தலையை நீக்கிவிட்டு அக்ரிலிக் என்னும் நெகிழியாலான உருண்டையைப் பொருத்தும் முறையைக் கண்டிருந்தனர். அவ்வாறு பொருத்திக்கொண்ட ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். அவர் உடலை அசைக்கும்போதெல்லாம் இடுப்பிலிருந்து கிறீச்சென்று ஓசை எழுந்தது. உணவு மேசையில் அவர் எதையேனும் எடுக்கக் குனிந்தாலும் ஓசை எழுந்ததால், அவருடைய மனைவி அருகிருப்பதையே தவிர்த்தாராம்.

கேட்போர் நகைத்து விட்டுவிடக்கூடிய செய்தி இது. எண்ணெய் போடாத கதவுக் கீல் கிறீச்சிடுவதைப் போன்றதே இந்த ஓசையும் என்று சார்ன்லி எண்ணினார். அப்படியானால் உருண்டைக்கும் குழிக்கும் இடையே உராய்வு மிகுதி. உராய்வு மிகுந்தால் உருண்டை எலும்பைப் பற்றியிழுக்கும். பொருத்திய இடம் நாளடைவில் தளர்ந்துபோகும். இயற்கை மூட்டு ஏன் கிறீச்சிடுவதில்லை?

அவர் நூலகத்திற்குச் சென்று உராய்வியல் நூல்களைப் பயின்றார். மான்செஸ்டரின் பொறியாளர்களிடம் பாடம் கேட்டார். நோயின் காரணமாக நீக்கப்பட்ட காலின் மூட்டை எடுத்து, அதில் ஊசலொன்றைப் பொருத்தி ஆடவிட்டு, எவ்வளவு நேரத்தில் ஓய்கிறது என்று அளந்தார். இயற்கை மூட்டின் உராய்வு, பனிச்சறுக்குக் கத்திக்கும் பனிக்கட்டிக்கும் இடையே உள்ளதைவிடக் குறைவு என்பது தெளிவாயிற்று. மூட்டுக்குள் இருக்கும் நீர் குருத்தெலும்போடு இணைந்தால்தான் அவ்வாறு வழுக்குகிறது. அதே நீர் உலோகத்திற்கோ அக்ரிலிக்கிற்கோ அதே பணியைச் செய்வதில்லை என்னும் முடிவுக்கு வந்தார். எனவே செயற்கை மூட்டுக்கு எண்ணெயின் உதவியின்றித் தானே வழுக்கும் பொருள் தேவை.

அத்தகைய பொருள் ஒன்று இருந்தது. இன்று தோசைக்கல்லின் மேற்பூச்சாக நாம் அறிந்த டெப்லான்தான் அது. வெண்ணிறமானது, வழவழப்பானது, பார்வைக்குக் குருத்தெலும்பையே ஒத்தது.

ரைட்டிங்டன்

விகன் நகருக்கு அருகே ரைட்டிங்டன் என்னும் ஊரில் காசநோய் மருத்துவமனை ஒன்று இருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்தபின் காசநோயாளிகள் குறைந்து அங்குப் படுக்கைகள் வெறுமையாயின. பெருநகர மருத்துவமனையின் பரபரப்பிலிருந்து விலகி, இடுப்பு மூட்டு ஒன்றையே ஆராயும் மையம் ஒன்றை அங்கே அமைக்கச் சார்ன்லி முற்பட்டார். எல்லா எலும்புகளையும் அறுக்கத் தெரிந்த புகழ்பெற்ற மருத்துவர் ஒரே மூட்டுக்காக ஊர்ப்புறத்திற்குச் செல்வதா என்று உடன்பணியாற்றியோர் வியந்தனர். அவர் பிற பணிகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டார். மருத்துவமனையோடு ஒட்டிப் பட்டறை ஒன்றும் உருவாயிற்று. அதில் ஹாரி கிரேவன் என்னும் தொழில்நுட்பப் பணியாளர் சேர்ந்தார். இதற்கிடையே 1957இல் ஜில் ஹீவர் என்பவரை மணந்தார். இரு குழந்தைகள் பிறந்தனர்.

புதிய மூட்டின் வடிவம் படிப்படியாகத் திருந்தியது. தொடை எலும்பின் தலைக்கும் இடுப்புக் குழிக்கும் டெப்லான் உறைகளை இடும் முதல் முயற்சி வெற்றிபெறவில்லை. பின்னர், எஃகுத் தண்டின் முனையில் உருண்டையும் இடுப்பில் டெப்லான் கிண்ணமும் என மாற்றினார். தண்டை எலும்புக்குள் உறுதியாக நிறுத்த, செயற்கைப் பற்கள் செய்யப் பயன்படும் அக்ரிலிக் சாந்தினைக் கையாண்டார். மான்செஸ்டர் பல் மருத்துவமனையில் பொருளியல்புகளை ஆராய்ந்த டென்னிஸ் ஸ்மித் இதற்குத் துணைநின்றார். சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து நிறைவதைப்போல் இது எலும்பின் நுண்ணிய பள்ளங்களை நிறைத்து, உடல் எடையைப் பரவலாகத் தாங்கச் செய்தது. இச்சாந்து பசையைப்போல் ஒட்டுவதன்று என்பதை அவர் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார்.

அடுத்து உருண்டையின் அளவு. இயற்கைத் தலையை ஒத்த பெரிய உருண்டையே நல்லது என்பது அக்கால வழக்கு. சார்ன்லி அதனைச் சிறிதாக்கிக்கொண்டே வந்து ஏறத்தாழ 22 மில்லிமீட்டரில் நிறுத்தினார்.

தெரிந்து தெளிவோம்

கதவைத் திறக்கும்போது கீலுக்கு அருகே தள்ளினால் மிகுந்த விசை வேண்டும். கைப்பிடியில் தள்ளினால் சிறு விசை போதும். சுழற்சி மையத்திலிருந்து விசை செயற்படும் தொலைவு கூடக்கூட, சுழற்றும் ஆற்றலும் கூடும். மூட்டில் உராய்வு விசை உருண்டையின் பரப்பில் செயற்படுகிறது. உருண்டை பெரிதானால் அவ்விசை மையத்திலிருந்து தொலைவில் அமைந்து, கிண்ணத்தைத் திருகி எலும்பிலிருந்து பெயர்க்க முயலும். உருண்டை சிறிதாகவும் கிண்ணம் தடிப்பாகவும் இருந்தால் திருகும் ஆற்றல் குறையும். சார்ன்லியின் அறுவைக்குக் குறை உராய்வு மூட்டமைப்பு என்னும் பெயர் இதனாலேயே அமைந்தது.

முந்நூறு மூட்டுகள்

பல்லாண்டு வலியால் உறக்கமிழந்தவர்கள் அறுவைக்குப்பின் வலியின்றி நடந்தனர். ஊன்றுகோலை எறிந்தவர்கள் உண்டு. 1961இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் சார்ன்லி தம் முறையை வெளியிட்டார். நோயாளிகள் பெருகினர். ஏறத்தாழ முந்நூறு இடுப்புகளில் டெப்லான் கிண்ணம் பொருத்தப்பட்டது.

பின்னர் ஊடுகதிர்ப் படங்கள் வேறொரு செய்தியைச் சொல்லத் தொடங்கின. எஃகு உருண்டை கிண்ணத்திற்குள் மேல்நோக்கிப் புதைந்துகொண்டிருந்தது. உலகிலேயே மிக வழுக்கும் பொருள் மிக விரைவில் தேயும் பொருளாகவும் இருந்தது. வழுக்குவதும் தேயாமலிருப்பதும் வெவ்வேறு பண்புகள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. தேய்மானத்தைவிடக் கொடியது தேய்ந்த துகள். டெப்லான் துகள்களை உடல் பகைப்பொருளாகக் கருதியது. அவற்றைச் சூழ்ந்து பாலாடைக்கட்டி போன்ற கழிவு திரண்டது; அருகிலிருந்த எலும்பு அரிக்கப்பட்டது. வலி திரும்பியது. ஓராண்டும் ஈராண்டும் மகிழ்ச்சியாக நடந்தவர்கள் மீண்டும் ஊன்றுகோலோடு மருத்துவமனைக்கு வந்தனர்.

சார்ன்லி உறக்கமிழந்தார். நள்ளிரவில் விழித்துக் கட்டிலில் தலையைக் கையில் தாங்கியபடி அமர்ந்திருந்ததை அவருடைய மனைவி பின்னாளில் நினைவுகூர்ந்தார். தம்மை நம்பி வந்தவர்களுக்குத் தாமே இத்துன்பத்தை ஏற்படுத்திவிட்டதாக அவர் வருந்தினார். பழுதுற்ற மூட்டுகளை வேறொருவரிடம் தள்ளிவிடாமல், ஒவ்வொரு நோயாளியாக மீண்டும் அழைத்துத் தாமே திறந்து அகற்றினார். முதல் அறுவையைவிட அகற்றும் அறுவை கடினமானது; நீண்டது; குருதி மிகுதியாக இழப்பது. ஒவ்வொரு முறையும் தம் பிழையைத் தம் கண்ணாலேயே கண்டார்.

கண்ணாடி நாரினால் வலுவூட்டிய டெப்லானையும் முயன்றுபார்த்தார். பட்டறைப் பொறியில் அது மிகக் குறைவாகவே தேய்ந்தது. உடலுக்குள்ளோ அது நன்றாக உழைக்கவில்லை. பட்டறையில் வென்ற பொருள் உடலில் தோற்கலாம் என்னும் கசப்பான பாடத்தை இரண்டாம் முறையாகக் கற்றார்.

தறியின் பற்சக்கரம்

1962ஆம் ஆண்டு மே மாதம். நெகிழிப் பொருள் விற்பனையாளர் ஒருவர் ரைட்டிங்டனுக்கு வந்தார். லங்காசயர் நெசவாலைகளில் தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்டுவந்த, மூலக்கூற்று எடை மிகுந்த பாலிஎத்திலீனை அவர் காட்டினார். கிரேவன் அதனை வாங்கிவைத்தார். சார்ன்லி கட்டைவிரல் நகத்தால் அதை அழுத்திப் பார்த்தார்; நகம் பதிந்தது. இவ்வளவு மென்மையான பொருள் எங்ஙனம் உழைக்கும் என்று எண்ணி, மேலும் பேசாமல் வெளியேறினார்.

கிரேவன் விடவில்லை. உலோகக் குண்டு ஒன்று நெகிழித் துண்டின்மேல் இடைவிடாது உரசும் சோதனைப் பொறியை அவர் முன்பே அமைத்திருந்தார். சார்ன்லி வெளிநாட்டுக்குச் சென்றிருந்த வேளையில் புதிய பொருளின் துண்டைப் பொறியில் வைத்து இயக்கினார். பொறி இரவும் பகலும் ஓடிற்று. மூன்று வாரங்களுக்குப்பின் அளந்தபோது, டெப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேய்ந்திருக்கவில்லை. திரும்பிவந்த சார்ன்லி பொறியின் முன் நின்று பார்த்தார். நகத்தால் ஆராய்ந்த மேதையைவிட, மூன்று வாரம் பொறியை ஓடவிட்ட பணியாளர் சரியாக ஆராய்ந்திருந்தார். அதனைச் சார்ன்லி ஒப்புக்கொள்ளத் தயங்கவில்லை.

எனினும் ஒருமுறை சுட்டுக்கொண்டவர் அவர். பொறி தந்த விடை போதாது. தேய்மானத் துகளை உடல் ஏற்குமா என்பதே டெப்லானில் தவறிய கேள்வி. நுண்ணிய டெப்லான் துகளையும் புதிய பாலிஎத்திலீன் துகளையும் தம் தொடையின் தோலுக்கடியில் தனித்தனி இடங்களில் செலுத்திக்கொண்டார். மாதந்தோறும் விரலால் தடவிப் பார்த்தார். ஒன்பது மாதங்களுக்குப்பின் டெப்லான் இருந்த இடங்களில் கட்டிகள் தெளிவாகத் தட்டுப்பட்டன; செலுத்திய பொருளின் பருமனைவிட அவை பெரியவை. பாலிஎத்திலீன் இருந்த இடத்தில் ஏறத்தாழ ஒன்றும் தெரியவில்லை. இதனை 1963ஆம் ஆண்டின் இறுதியில் லான்செட் இதழில் கடிதமாக வெளியிட்டார். டெப்லானைப் பிற மருத்துவர்கள் உடலுக்குள் பயன்படுத்துவதைத் தடுப்பதும் அக்கடிதத்தின் நோக்கமாகும்.

ஒருவர் தொடையில் நிகழ்ந்ததை எல்லா உடலுக்கும் விதியாகக் கொள்ள முடியாது. இன்றைய ஆய்வு நெறிகள் இதனைச் சோதனை என்றே ஏற்கமாட்டா. ஆயினும் நோயாளியின் உடலில் இடுவதைத் தம் உடலிலும் இட்டுப் பார்த்தவருக்குத் தம் பிழை எத்தகையது என்பது மறக்க முடியாததாயிற்று. அதன்பின் அவர் கடைப்பிடித்த பொறுமையில் இது வெளிப்பட்டது.

காத்திருத்தல்

1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணம் கொண்ட முதல் மூட்டு பொருத்தப்பட்டது. நோயாளிகள் நலமாக நடந்தனர். ஆனால் டெப்லான் மூட்டுப் பொருத்தியவர்களும் முதலில் நலமாகத்தான் நடந்தனர். ஆகவே இம்முறை சார்ன்லி அவசரப்படவில்லை. ஆண்டுதோறும் நோயாளிகளை வரவழைத்து, ஊடுகதிர்ப் படம் எடுத்து, உருண்டை எத்தனை மில்லிமீட்டர் புதைந்திருக்கிறது என்று அளந்து எழுதினார். பிற மருத்துவர்கள் தங்களுக்கும் இம்மூட்டு வேண்டும் என்று கேட்டபோது, பல ஆண்டுகள் அதனைப் பொதுவிற்பனைக்கு விடவில்லை. லீட்ஸ் நகரத் தாக்ரே நிறுவனம் அதனைச் செய்துவந்தது. ரைட்டிங்டனுக்கு வந்து முறையைக் கற்றுத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. இவ்விதியைக் கர்வம் என்று சிலர் குறைகூறினர். தாம் அளந்தறியாததைப் பிறர் உடலில் பரவவிடுவது முந்நூறு பேருக்கு நேர்ந்ததை மூவாயிரம் பேருக்கு நேரவிடுவதாகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மற்றொரு வேண்டுகோளையும் அவர் நோயாளிகளிடம் வைத்தார். தங்கள் மறைவுக்குப்பின் அம்மூட்டை எடுத்து ஆராய இசைவு தரவேண்டும் என்பதே அது. வலியின்றி நடக்க வைத்த மருத்துவரிடம், தம் இறப்புக்குப் பின்னும் பயன்படுவதற்கு மிகப் பலர் மனமுவந்து இசைந்தனர். பல்லாண்டு நடந்த மூட்டு எலும்போடு எவ்வாறு பொருந்தியிருந்தது என்பதை நுண்ணோக்கியில் காண உலகில் வேறெங்கும் அப்போது இத்தகைய வாய்ப்பு இல்லை. எலும்பும் சாந்தும் சேருமிடத்தைப் பற்றிப் பின்னர் எழுதப்பட்ட பலவற்றிற்கு அம்மனிதர்களின் கொடையே அடிப்படை.

காற்றையும் சலித்தவர்

மாற்று மூட்டுக்கு மற்றொரு பகை கிருமித்தொற்று. உடலில் அயற்பொருள் இருக்குமிடத்தில் கிருமி தங்கினால் மருந்துகள் எளிதில் எட்டா. பெரும்பாலும் மூட்டையே எடுத்துவிட நேரும். தொடக்க ஆண்டுகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் மேல் இத்தொற்று கண்டது. தம் காலிலேயே சீழ்பிடித்த எலும்போடு கிடந்தவர் இதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

கருவிகளைக் கொதிக்கவைக்கிறோம், கைகளைக் கழுவுகிறோம். காற்றை என்ன செய்கிறோம் என்று சார்ன்லி வினவினார். அறுவை அறையின் காற்றில் எத்தனை கிருமிகள் மிதந்து புண்ணில் படிகின்றன என்று வளர்தட்டுகளை வைத்து எண்ணிப் பார்த்தார். காற்றுப் பொறியாளர் ஹவர்த் என்பவரின் துணையோடு, அறுவை மேசையைச் சூழ்ந்து கண்ணாடி வீடு போன்ற சிற்றறையை அமைத்தார். வடிகட்டிய காற்று அதற்குள் இடைவிடாது பாய்ந்தது. மருத்துவரின் தோலிலிருந்தும் மூச்சிலிருந்தும் உதிர்வனவற்றை உறிஞ்சி வெளியேற்றும் முழுவுடல் அங்கியையும் வடிவமைத்தார். விண்வெளி வீரர்களைப்போல் அவரும் உதவியாளர்களும் நின்ற கோலம் கண்டு நகைத்தவர்கள் உண்டு. ஆண்டுகள் செல்லச்செல்லத் தொற்று நூற்றுக்கு ஒன்றினும் குறைந்தபோது நகைப்பு அடங்கிற்று.

ஆயினும் ஐயம் அடங்கவில்லை. அதே காலத்தில் அறுவை நுட்பங்களும் மருந்துகளும் திருந்தியிருந்தன. தொற்று குறைந்ததற்குத் தூய காற்றுதான் காரணமா என்று கேட்டனர். நியாயமான கேள்விதான். சார்ன்லி தம் நோயாளிகளை இரு கூறாக்கி ஒப்பிட்டுப் பார்த்திருக்கவில்லை. அதற்கு விடைகாணப் பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் பல மருத்துவமனைகளில் இடுப்பு, முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் பெருஞ்சோதனை ஒன்றைத் தொடங்கியது. சாதாரண அறையில் அறுவை செய்யப்படுவோர், தூய காற்றறையில் செய்யப்படுவோர் எனப் பிரித்து ஒப்பிடுவதே அதன் முறை. முடிவுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

முழங்காலுக்கு

உலோகம், உயரிய பாலிஎத்திலீன், அக்ரிலிக் சாந்து ஆகிய மூன்றும் இணைந்த சார்ன்லியின் அமைப்பு இடுப்போடு நின்றுவிடவில்லை. கனடாவிலிருந்து ரைட்டிங்டனுக்கு வந்து பயின்ற பிராங்க் கன்ஸ்டன் என்னும் இளம் மருத்துவர், அதே பொருள்களைக் கொண்டு முழங்காலுக்கு மாற்று மூட்டு அமைத்தார். முழங்கால் உருண்டையும் குழியுமல்ல. அது மடங்கும்போது உருண்டும் வழுக்கியும் நகரும் மூட்டு. அதற்கேற்ப வளைவுகளை வகுத்தது கன்ஸ்டனின் பங்கு. அவருடைய ஆய்வு 1971இல் வெளியாயிற்று. முழங்காலை இறுக்கி ஒட்டவைத்து வலி தீர்த்த மருத்துவரின் கூடத்திலிருந்தே, முழங்காலை மடங்கவிட்டு வலி தீர்க்கும் முறையும் புறப்பட்டது.

பெருமைகள் தாமாக வந்தன. 1974இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. 1975இல் அரச அறிவியற் கழகத்தின் உறுப்பினரானார். எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் அச்சிறப்பைப் பெற்றது அதுவே முதன்முறை. 1977இல் சர் பட்டம் பெற்றார். 1979இல் தம் வாழ்நாள் ஆய்வைப் பெருநூலாக வெளியிட்டார். டெப்லானின் தோல்வியை அந்நூல் மறைக்கவில்லை.

தூய காற்றுச் சோதனையின் முடிவு 1982 ஜூலையில் பிரித்தானிய மருத்துவ இதழில் அச்சாயிற்று. சாதாரண அறையோடு ஒப்பிடும்போது தூய காற்றறையில் ஆழ்ந்த தொற்று ஏறத்தாழப் பாதியாகவும், முழுவுடல் அங்கியும் சேர்ந்தபோது ஏறத்தாழக் காற்பங்காகவும் குறைந்திருந்தது. அடுத்த மாதம், ஆகஸ்டு 5ஆம் நாள், மாரடைப்பால் சார்ன்லி காலமானார். அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் கையால் பொருத்திய பாலிஎத்திலீன் கிண்ணங்களுள் சில அப்போதும் லங்காசயரின் மாடிப்படிகளில் ஏறியிறங்கிக்கொண்டிருந்தன.